பேர் வைக்காத ஊதா

பிப்ரவரி 2, 1984

உரக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் அடியில் யூரியாவின் மகிமையைப் பற்றி ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள். குனியாதே, மேடு ஏறாதே, ஐந்தாம் மாதம் என்று நர்ஸம்மா லூர்து மேரி மிரட்டிவிட்டதால் எனக்கு உட்கார்ந்த வேலைதான். தகரத்தைத் துண்டாக வெட்டி, ஆணியால் பூவின் பேரைக் கீறி, கம்பியில் கோத்து வைப்பது. மிச்ச நேரத்துக்கு இந்த டைரி.

கொடைக்கானலிலிருந்து வில்பட்டி போகிற வழியில், சரிவில், எங்கள் பண்ணை. ரோஜாவும் டேலியாவும் சோறு போடுகின்றன. ஆனால் என் வீட்டுக்காரர் தண்டபாணிக்கு உயிர் தாடிப்பூவில்தான். புத்தகத்தில் அதற்கு ஐரிஸ் என்று பேர். கத்தி மாதிரி இலை, விசிறி மடிப்பாக நிற்கும். பூவின் கீழ் இதழ் மூன்றிலும் கம்பளிப்பூச்சி படுத்த மாதிரி மயிர் இருப்பதால் இங்கே எல்லாருக்கும் அது தாடிப்பூ. ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் தோட்ட வேலை பார்த்த என் மாமனார், துரை ஊருக்குப் போகும்போது கிழங்குகளை வாங்கி வைத்துக்கொண்டார். மாமனார் போய்விட்டார். இப்போது வீட்டில் நான், இவர், அத்தை.

புருஷன் பேரை எழுத எனக்குக் கூச்சமில்லை, நான் பியூசி படித்தவள். அத்தையின் பேரைத்தான் சொல்லக்கூடாது. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்வது இந்த வீட்டில் செருப்போடு பூஜை அறைக்குள் போவது மாதிரி. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவேன். எழுதிப் பார்க்கலாம் என்றால் கையும் வரமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 11

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர் வெள்ளைப் பூவின் மகரந்தத்தை மஞ்சள் பூவில் தடவி, தேனீ தொடாமல் துணிப் பை கட்டி, விதை எடுத்துப் போட்டார். அந்த நாற்றுகள் இந்த வருஷம் முதல் தடவையாகப் பூக்கப் போகின்றன. எண்பது செடி. ஒவ்வொன்றுக்கும் எண் மட்டும்தான். பேர் கிடையாது.

பேர் வைப்பதற்கு முறை இருக்கிறது. மூன்று வருஷம் பூத்துக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் வைத்தால் செடி தங்காது என்பது மாமனார் வாக்கு. மூன்றாவது வருஷமும் முகம் வாடாமல் நின்றால், வெளிநாட்டில் இருக்கும் ஒரு சங்கத்துக்கு எழுதிப் பதிவு செய்யலாம். அங்கே ஒரு பேரை ஒரு பூவுக்கு வைத்துவிட்டால் அந்தப் பேரை இன்னொரு பூவுக்கு வைக்கவே முடியாது. இவர் சிறு வயதிலிருந்தே ஒரே ஒரு பூவையாவது பதிய வேண்டும் என்று கனாக் கண்டுகொண்டிருக்கிறார்.

மதியம் சாப்பிடும்போது, "இம்புட்டு நெறத்துக்கும் மூலம் எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். ரசம் ஆறும்வரை விடவில்லை.

"மொதல்ல ரெண்டே ரெண்டு காட்டுப் பூதான் அபிராமி. ஒண்ணு கடலோரப் பாறையில வெளுத்த நீலம். இன்னொண்ணு மலைச்சரிவுல மஞ்சள், அதுல காவிக் கோடு. ரெண்டும் எல்லையில சந்திச்சுக் கலந்துருச்சு. பொறந்த கலப்புப் புள்ளைகளை ஆளாளுக்குப் புது இனம்னு நெனச்சு, புதுப்புதுப் பேரா வெச்சுட்டாங்க."

"நம்ம வேலியோரத்துப் பழைய ஊதா?"

"அதுவும் கலப்புதான். ஜெர்மனிக்காரின்னு பேரு. ஆனா ஜெர்மனிக் காட்டுல அது கெடையாது. எந்தக் காட்டுலயும் கெடையாது. இடிஞ்ச கோட்டை, பழைய மடம், கல்லறை, இங்கதான் இருக்கும். விதையும் சரியாக் கட்டாது. யாராவது ஒரு கை எடுத்து வெச்சாத்தான் அடுத்த எடத்துக்குப் போகும்."

அத்தை மோரை ஊற்றிவிட்டு என் வயிற்றைப் பார்த்துத் தன் பேரையே சொல்லிக் கூப்பிட்டார். "என்னடி, ஒங்கப்பன் கதையெல்லாம் கேக்குதா?" முதல் பெண் பிள்ளைக்கு அப்பனைப் பெற்றவள் பேர். பிறப்பதற்கு முன்னாலேயே பேர் வைத்தாகிவிட்டது.

முதல் பெண் பிள்ளை என்கிறார். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

பிப்ரவரி 23

பேரி மரத்தடியில் ஒரு விசிறி இலை முளைத்திருக்கிறது. தாடிப்பூதான். பால் திரிந்துவிட்டது, அங்கே ஊற்றிவிட்டு வந்தேன்.

மார்ச் 1

எழுதாமலே தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நவம்பர் மழையில் பாதை சரிந்து ஜீப் வராத நாளில், எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. பொன்னுத்தாயிதான் பார்த்தாள். அவள் களை எடுக்க வருகிறவள், ஆனால் அன்றைக்கு வேறு யார் இருந்தார்கள். முடி நிறைய இருந்தது. எனக்கு ஒரு தரம் காட்டினார்கள்.

அழாத பிள்ளைக்குத் தொட்டில் இல்லை, பேர் இல்லை, கல் இல்லை, காரியமும் இல்லை. "பேரு வெக்கல. அதனால கணக்குல சேராது. எந்திரிச்சு குளி" என்றார் அத்தை. ஆனால் அதற்கு முன்னால் ஐந்து மாதம் அதே அத்தைதான் வயிற்றைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர். அவளும் அந்தப் பேருக்கு உதைத்துக் காட்டினாள். பிறகு அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

இவர்தான் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். படுத்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கையில் மண்வெட்டி. போகிற வழியில் வேலியோரம் குனிந்து, பழைய ஊதாவில் ஒரு கிழங்கைப் பிடுங்கிக்கொண்டார். பேரி மரத்தடி. அப்புறம் மூடுபனி வந்து மறைத்துவிட்டது.

அந்தக் கிழங்கு மூன்று வருஷமாக முளைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். தாடிப்பூக் கிழங்கை மண்ணுக்குள் மூடக்கூடாது. தரையோடு தரையாக வைத்து முதுகில் வெயில் பட விட வேண்டும். ஒரு விரல் ஆழம் போனாலே அழுகிவிடும். இந்தப் பண்ணையில் களை எடுக்க வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும் இது. தெரிந்தும் இவர் ஆழமாகப் புதைத்திருக்கிறார், பூத்தால் நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன் என்று. அதற்காக இவர்மேல் எனக்கு மூன்று வருஷமாகக் கோபம். ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது முளைத்துவிட்டது. நன்றாக வேண்டும் இவருக்கு.

மார்ச் 9

விசிறி நான்காகிவிட்டது. தாடிப்பூ வருஷத்துக்கு ஒரு சாண் நகரும், அதுவும் வட்டமாகப் பரவும். இது நூல் பிடித்த மாதிரி வரிசையாக வருகிறது. பேரி மரத்திலிருந்து வீட்டைப் பார்த்து.

அத்தை வயிற்றைக் கூப்பிட்ட அன்றைக்கெல்லாம் மறுநாள் ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது. தற்செயல்தான். அத்தை கூப்பிடாத நாளே இல்லையே, பிறகு எதோடு எதை ஒத்துப் பார்ப்பது?

"என்னங்க, அதை வெட்டிப் போடுங்க" என்றேன். இவர் மண்வெட்டியோடு போனார். கடைசி விசிறியைச் சுற்றித் தோண்டினார். நான் பின்கட்டு வாசலில் நின்று பார்த்தேன். கிழங்கு படுத்திருக்கவில்லை. வெள்ளையாக, விரல் கனத்தில் ஒரு தண்டு நேராகக் கீழே போனது. முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டு மண்ணைத் தள்ளி மூடினார், ஏதோ தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி தட்டித் தட்டி.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. இருந்துட்டுப் போகட்டும்."

தொட்டியில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

மார்ச் 14

"தெனமுமா பால் திரியுது?" என்று கேட்டார் அத்தை.

மார்ச் 20

பொன்னுத்தாயி அந்த வரிசைப் பக்கம் களை எடுக்கமாட்டேன் என்கிறாள். கூலியைக் கூட்டிக் கேட்பதற்காக நாடகம் போடுகிறாள் என்று நினைத்து, "என்ன தாயி, பேய் பிசாசா?" என்று கிண்டல் செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "பேய்க்குன்னா ஒரு பேரு இருக்கும் தாயி. முனின்னுவோம், சுடலைன்னுவோம். பேரு வெச்சதைப் போன்னு சொன்னாப் போகும். பேரு வெக்காததை என்னன்னு சொல்லி வெரட்டுவ?"

"அது யாரையும் ஒண்ணும் பண்ணலையே."

"பண்ணாது. பச்சை மண்ணு அது. ஒரு பேரைச் சொல்லிக் கூப்புட்டாங்க, அது தன்னோடதுன்னு நெனச்சிருக்கு. இப்ப மறுபடியும் கூப்புடுறாங்க. கூப்புட்டா வராம என்ன செய்யும்?" என் வயிற்றைப் பார்த்தாள். "பெரியம்மாவை வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு."

எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அத்தையிடம் போய், "அத்தை, புள்ளை பொறக்குற வரைக்கும் பேரு சொல்ல வேணாமே" என்றேன். எப்படிக் கேட்டேனோ, சண்டையாகிவிட்டது.

"எம்பேரு அம்புட்டு கேவலமாப் போச்சா ஒனக்கு? பட்டணத்துப் பேரு வெக்கணுமாக்கும்!"

அதன் பிறகு வேண்டுமென்றே ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கூப்பிடுகிறார்.

ஏப்ரல் 2

பேரி மரத்தடியில் பூ விரிந்துவிட்டது. ஊதா. தாடி மட்டும் வெள்ளை. வேலியோரத்துப் பூவேதான், ஆனால் கொஞ்சம் சின்னது. பார்க்கப் போனேன் என்று எழுத வேண்டாம், கொடியில் துணி காயப் போடப் போனேன். கொடி அந்தப் பக்கம் இல்லை, அது வேறு விஷயம்.

இந்தப் பூவுக்குத் திராட்சை மாதிரி ஒரு வாசனை இருக்க வேண்டும். குனிந்து முகர்ந்தேன். அந்த வாசனை இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டிய தலைமுடியின் வாசனை. முகத்தை எடுக்கவே மனம் வரவில்லை. நிமிர்ந்தபோது ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. ஏழாம் மாதத்தில் எனக்குப் பால் சுரந்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. துணியை அலசிப் போட்டுவிட்டேன். எனக்குப் பயமாக இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 8

நாற்றுப் பாத்தியில் முதல் மொட்டு விரிந்தது. ஊதா.

ஏப்ரல் 11

எண்பதில் இதுவரை முப்பதுக்குமேல் பூத்துவிட்டது. வெள்ளை இல்லை, மஞ்சள் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. அத்தனையும் ஒரே ஊதா, வெள்ளைத் தாடி. பேரி மரத்தடிப் பூவின் அச்சு.

இவர் பாத்தியின் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷத்து உழைப்பு.  பக்கத்தில் போய் நின்றேன்.

"தேனீ புகுந்திருக்குமோ?"

"பை கட்டியிருந்தேன். நீதானே நூல் எடுத்துக் கொடுத்த."

"பழைய நெறத்துக்குத் திரும்பிடும்னு பொன்னுத்தாயி சொல்லுறா."

"அப்படித்தான் ஊர் பூரா சொல்லுறாங்க. பொய். எந்தப் பூவும் திரும்பாது. பலமான பழசு பக்கத்துல இருந்து புகுந்து, நோஞ்சான் புதுசை அமுக்கிரும். பார்க்குறவன் திரும்பிருச்சுன்னு நெனச்சுக்குவான்." சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். உடனே பார்வையை மாற்றிக்கொண்டார்.

அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்தேன்.

ஏப்ரல் 14

சித்திரை பிறந்துவிட்டது. மாங்காய்ப் பச்சடி, வடை. மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, வாசலிலிருந்து பார்த்தால் பேரி மரம் தெரியவில்லை. ஆனால் வரிசை தெரிந்தது. கடைசி விசிறி என் படுக்கை அறை ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி முளைத்திருக்கிறது. காலையில் அங்கே வெறும் தரை.

அத்தை வடையைக் கையில் வைத்துக்கொண்டு வயிற்றைக் கூப்பிட்டார். வழக்கமாக ஒரு உதை வரும்.

வரவில்லை.

ஏப்ரல் 15

அசையவில்லை. இனிப்புச் சாப்பிட்டுப் பார்த்தேன். இடது பக்கம் படுத்துப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. வெளியே சொல்லாமல் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டேன் அப்போது. இந்தத் தடவை சொல்லிவிட்டேன்.

லூர்து மேரி வந்து மரக் குழலை வைத்துக் கேட்டார். எல்லாப் பக்கமும் மாற்றி மாற்றி வைத்தார். "துடிப்பு இருக்கும்மா. ஆனா எங்கேயோ தூரத்துல கேக்குற மாதிரி இருக்கு. காத்தால மொத வேலையா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க தம்பி."

அவர் போன பிறகு ஜன்னலைத் திறந்தேன். கீழே மொட்டு வெளியே வந்திருந்தது. ஜன்னல் விளிம்பு உயரத்துக்கு.

ஏப்ரல் 16

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஜீப் வந்துவிட்டது. இவர் பையை வைத்தார். அத்தை விபூதி பூச வந்தார். பூசிவிட்டு வயிற்றில் கை வைத்து மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை அதட்டலாக இல்லை. கெஞ்சலாக இருந்தது. "வந்துரு ஆத்தா. வந்துரு."

"அத்தை, கூப்புடாதீங்க" என்றேன். "வருவா. வந்துக்கிட்டேதான் இருக்கா. வந்து இதை வெளியே தள்ளிருவா."

"என்னடி ஒளறுற?"

நான் ஜீப்பில் ஏறவில்லை. பேரி மரத்தைப் பார்த்து நடந்தேன். இவர் பின்னாலேயே ஓடி வந்தார். மரத்தடியில் பூக்கள் மூடுபனியில் நனைந்து தலை கவிழ்ந்திருந்தன. என் மடியில் எப்போதும் கிடக்கிற தகரத் துண்டும் ஆணியும் இருந்தன. அவற்றை இவரிடம் நீட்டினேன்.

"இந்தப் பூவுக்குப் பேரு வையுங்க."

"இப்பவா? அபிராமி, நேரமாகுது..."

"இப்பவே. நீங்கதானே சொன்னீங்க, ஒரு பேரை ஒண்ணுக்கு வெச்சா இன்னொண்ணுக்கு வெக்க முடியாதுன்னு. வெச்சுருங்க. இவளோடது இவளுக்கே இருக்கட்டும்."

"மொதப் பூவுல வெக்கக் கூடாது. அப்பா மூணு பூ பார்க்காம..."

"மூணு வருஷம் ஆச்சுங்க."

 அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து, தகட்டைத் தொடைமேல் வைத்து, ஆணியைப் பிடித்தார். "என்ன பேரு? நீ சொல்லு." அவருக்குத் தெரியும். ஆனாலும் நான்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தார். பெற்றவள் நான்.

பின்னால் அத்தை வந்து நின்றுவிட்டார். மூன்று வருஷத்தில் அவர் அந்த மரத்தடிக்கு வந்தது அதுதான் முதல் தரம்.

"தெய்வானை" என்றேன்.

மூடுபனியில் என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. அத்தை நெஞ்சில் கையை வைத்தார். "எம்பேரையா சொன்ன?"

"உங்க பேரு இல்ல அத்தை. அவ பேரு."

அத்தை என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், இவர் கீறிக்கொண்டிருந்த தகட்டைப் பார்த்தார். எழுத்துத் தெரியாது அவருக்கு. தன் பேர் ஒன்றுதான் தெரியும். இவர் 'னை' போட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பென்று ஈரத் தரையில் உட்கார்ந்து, பூவின் தண்டைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் யாருமே கேட்டிராத ஒரு குரலில் அழுதார்.

"தெய்வானை... ஏ தெய்வானை... கூப்புட்டதும் நாந்தான், இல்லைன்னதும் நாந்தான் ஆத்தா. உன்னைத்தான் கூப்புட்டேன். உன்னைத்தான். அலையாம தூங்கு சாமி."

இவர் தகட்டைக் குத்தி நிறுத்தினார். தூரத்தில் ஜீப்காரர் ஹாரன் அடித்தார். அப்போது என் விலா எலும்புக்குக் கீழே ஒரு உதை. அப்படி ஒரு உதை, நான் கத்திவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் நன்றாக இருக்கிறது, எதற்காக இவ்வளவு பயந்தீர்கள் என்று கேட்டார்கள்.

ஏப்ரல் 19

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள், வீடு திரும்பிவிட்டோம். ஜன்னல் கீழே இருந்த மொட்டு விரியாமலே காய்ந்திருந்தது. வரிசை முழுக்க மஞ்சளாகச் சாய்ந்துவிட்டது. பேரி மரத்தடிக் குத்து மட்டும் பச்சையாக நிற்கிறது.

நாற்றுப் பாத்தியில் பாக்கி இருந்த மொட்டுகள் பூத்திருக்கின்றன. எல்லாம் வெள்ளை. ஒன்று மட்டும் வெண்ணெய் மஞ்சள். இவர் சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

மே 10

பால்காரர் வாசலில் நின்று, "தெய்வானையம்மா!" என்று கூப்பிட்டார். அத்தை உடனே போகவில்லை. முதலில் பேரி மரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பார்ப்பதைக் கண்டு கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"இனிமே என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டா ரெண்டு பேரு திரும்பிப் பார்ப்போம்" என்றார்.

இப்போது பால் திரிவதில்லை. அத்தையே பேரி மரத்தடியில் ஒரு டம்ளர் ஊற்றி வைத்துவிடுகிறார், காய்ச்சி, சர்க்கரை போட்டு.

ஜூன் 21

பெண். வெளியே வந்ததுமே ஊரைக் கூட்டினாள். லூர்து மேரி, "போதும்டி, காது போகுது" என்றார். அழட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் அழட்டும்.

ஜூலை 7

தொட்டில் போட்டோம். அத்தை குழந்தையின் காதில் மூன்று தரம் சொன்னார்: உமையாள். நான் பிறந்த ஊரில் யாருக்கும் இல்லாத பேர், இந்த வீட்டிலும் யாருக்கும் இல்லாத பேர். முழுக்க முழுக்க அவளுக்கே.

சொந்தக்காரர்கள், "என்ன, மொதப் பொண்ணுக்கு ஆத்தா பேரு வெக்கலையா?" என்று கேட்டார்கள். "வெச்சாச்சு. இது ரெண்டாவது" என்றார் அத்தை.

ஜூலை 24

பூத்து முடிந்த தாடிப்பூவைத் தோண்டி, கிழங்கைப் பிரித்து நடுகிற காலம். இவர் எல்லாப் பாத்தியையும் பிரித்துவிட்டார். பேரி மரத்தடிக் குத்தை மட்டும் தொடவில்லை. பதிவு செய்ய வேண்டுமென்றால் அந்தச் சங்கத்துக்கு எழுத வேண்டுமே என்று கேட்டேன். ஊதா எல்லாம் அவர்களிடம் ஆயிரம் இருக்கும், இது நம் வீட்டுப் பதிவோடு இருக்கட்டும் என்றார்.

மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று வருஷக் கோபம் என்னை விட்டுப் போயிருந்தது, அதனால் லேசாகவே கேட்டேன்.

"அன்னைக்கு ஏங்க கிழங்கை அவ்வளவு ஆழமா நட்டீங்க? நீங்களே அந்தத் தப்பைச் செய்யலாமா?"

"எதை?"

"பேரி மரத்தடியில. ஜன்னல் வழியா நான் பார்த்தேனே, வேலியில கிழங்கு புடுங்கினீங்க. மூடினதுக்கு மேல நடாம உள்ளே தள்ளிட்டீங்க. அதனாலதானே இத்தனை வருஷம் மொளைக்கல."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "மேல நான் எதுவும் நடல அபிராமி."

"பின்னே கிழங்கு?"

"அவளுக்குக் கை மூடல. ரெண்டு கையும் விரிஞ்சு, எதையோ கேக்குற மாதிரி இருந்துச்சு. வெறுங்கையா அனுப்ப எனக்கு மனசு வரல. வேற என்ன இருக்கு நம்மகிட்ட. கிழங்கைக் கையில வெச்சு விரலை மடக்கிவிட்டேன். அப்புறம்தான் மண்ணைத் தள்ளினேன். நரி தோண்டக் கூடாதுன்னு எம்புட்டு ஆழம் எடுத்திருந்தேன் தெரியுமா? இறங்கி நின்னா என் நெஞ்சு மட்டம்."

மார்ச்சில் முழங்கைவரை விட்டுத் துழாவிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாரே, அப்போது என்ன தட்டுப்பட்டது என்று கேட்க வாய் எடுத்தேன். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒரு விரல் ஆழத்திலேயே அழுகிவிடும் கிழங்கு. யாராவது ஒரு கை எடுத்து வைத்தால்தான் அடுத்த இடத்துக்குப் போகும் என்று சொன்னவரும் இவர்தான்.

உள்ளே உமையாள் சிணுங்கினாள். போய்த் தூக்கினேன். கையை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மண் எதுவும் இல்லை.